ஊதா மூடி டியூபும் ஒரு நாள் கூலியும்: மதுரை மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் இருபத்தாறு வருடம் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறேன். வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் என் கையில் இருந்தது எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தம்தான். அவர்களுக்கு மாத்திரை இலவசம், பரிசோதனையும் இலவசம். ஆனாலும் அந்தப் பரிசோதனைக்காக அவர்கள் கையிலிருந்து ஒரு விலை போய்க்கொண்டே இருக்கிறது. எந்தப் பில்லிலும் ஏறாத விலை. அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஒருத்தியைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவள். இருட்டோடு எழுந்து போய், மொட்டு விரிவதற்குள் எடுத்துக் கொடுத்தால்தான் மாட்டுத்தாவணிச் சந்தையில் அந்தப் பூவுக்கு மதிப்பு. ஒரு நாள் போகாவிட்டால் கூலி போச்சு. இரண்டு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வருடாந்தர வைரல் லோடு பரிசோதனைக்காக அவள் காலையில் கிளம்பி, ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ஒரு மையத்துக்கு வந்தாள். ரத்தம் எடுத்தார்கள். போய்விட்டாள்.

அந்த ஊதா மூடி டியூப் மறுநாள் என் மேசைக்கு வந்தது. சாய்த்துப் பார்த்தேன். அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி, நுங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. ரத்தம் எடுத்தவுடன் டியூபை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் மருந்து ரத்தத்தோடு கலந்து உறையாமல் காக்கும். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் யாரோ மறந்திருக்கிறார்கள். உறைந்த ரத்தத்தில் பரிசோதனை செய்ய முடியாது. ‘சாம்பிள் ஏற்கத்தக்கதல்ல’ என்று பதிவேட்டில் எழுதித் திருப்பியது நான்தான்.

அடுத்த முறை மாத்திரை வாங்க வந்தபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “மறுபடியும் எடுக்கணுமா சிஸ்டர்? போன தடவ தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு மாமியாகிட்டச் சொல்லிட்டு வந்தேன். இந்தத் தடவ என்னன்னு சொல்லிட்டு வர?”

இரண்டாவது சாம்பிள் பெட்டிக்குள் ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவே சிவப்பாகிவிட்டது. அதையும் திருப்பினோம். மூன்றாவதுதான் தேறியது. அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. வந்த எண் உயரமாக இருந்தது. விசாரித்தால், வீட்டில் கல்யாணம் கூடி உறவுக்காரர்கள் வந்து தங்கியதில் மாத்திரை டப்பாவை வெளியே எடுக்க முடியாமல் பல நாள் விட்டிருக்கிறாள். மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் உட்கார்ந்து பேசி, மாத்திரையை எங்கே வைப்பது, எப்போது போடுவது என்று வழி பண்ணிக் கொடுத்தார். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் முதல் டியூப் ஒழுங்காக வந்திருந்தால் இந்தப் பேச்சு ஏழு மாதம் முன்னாலேயே நடந்திருக்கும்.

நீங்கள் திட்ட அறிக்கையில் ‘ஒரு பரிசோதனைக்கான செலவு’ என்று எழுதும்போது அவளுடைய மூன்று நாள் கூலியையும், பஸ் காசையும், மாமியாரிடம் சொன்ன மூன்று பொய்களையும் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதையெல்லாம் சேர்த்தால் எது மலிவு, எது விலை கூடியது என்ற கணக்கே மாறிவிடும்.

நான் வேலைக்கு வந்த புதிதில், எதிர்ப்பு சக்தியின் அளவைக் காட்டும் சி.டி.4 அணுக்களை எண்ணும் இயந்திரம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அப்போது மொத்த வெள்ளணு எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுவோம். கண்ணாடிச் சேம்பரில் வெள்ளணுக்களை எண்ணுவது, ஸ்மியர் போட்டுச் சாயம் ஏற்றி நூறு அணுக்களில் எத்தனை லிம்போசைட் (சி.டி.4 அணுக்கள் சேர்ந்த வெள்ளணு வகை) என்று பார்ப்பது. 4000 வெள்ளணுவில் 28 சதவீதம் லிம்போசைட் என்றால் 1120. உடம்பில் அறிகுறியும் இருந்து, இந்த எண் 1200க்குக் கீழேயும் போனால் எதிர்ப்பு சக்தி நன்றாக இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்; சி.டி.4 பார்க்க வழியில்லாத இடங்களில் அதை வைத்தே சிகிச்சை தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அப்போது சொன்னது. மைக்ராஸ்கோப்பும் கண்ணும் இருந்தால் போதும். துல்லியம் கம்மிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆளைப் பட்டணத்துக்கு அனுப்பாமல் அந்த இடத்திலேயே பதில் கிடைத்தது.

2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது சி.டி.4 200க்குக் கீழே போனவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்கும்தான் மருந்து. அப்புறம் அந்த வரம்பு 350 ஆனது, 500 ஆனது, 2017இல் எண்ணே பார்க்க வேண்டாம், தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே மருந்து என்றானது. நல்ல முடிவு. எத்தனையோ பேர் ‘இன்னும் எண்ணிக்கை இறங்கவில்லை, அப்புறம் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வரப்பட்டதைப் பார்த்தவள் நான்.

மருந்து போடத் தொடங்கிய பிறகு அது வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது வைரல் லோடு. ஒரு மில்லி பிளாஸ்மாவில் எத்தனை வைரஸ் என்ற எண். மருந்து பிடிக்கவில்லை என்றால் முதலில் ஏறுவது இதுதான். சி.டி.4 இறங்குவது பின்னால்தான். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வருவது அதற்கும் பின்னால். அதனால்தான் 2013இலேயே உலக சுகாதார நிறுவனம் சிகிச்சையைக் கண்காணிக்க வைரல் லோடுதான் முதல் தேர்வு என்றது. நம் நாட்டில் 2018இல் எல்லோருக்கும் வழக்கமான பரிசோதனையாக வந்தது: மருந்து தொடங்கி ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடம் ஒரு முறை.

இந்த எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் அடங்கிவிட்டால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. 1000க்குக் கீழே இருந்தாலே அந்த ஆபத்து ஏறக்குறைய இல்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு பேரும் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை அந்தச் செய்தி அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். ஒரு டியூப் உறைந்ததால் அது கிடைக்காமல் போகக் கூடாது.

இனி நான் கேட்பதற்கு வருகிறேன். ஆளை வரவழைக்காமல் ரத்தத்தை மட்டும் வரவழையுங்கள். அதற்கான அட்டை உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, ஐந்து வட்டம் போட்ட வடிதாள் அட்டையில் ரத்தத் துளிகளை விட்டுக் காயவைத்து அனுப்புகிறோமே, அதே அட்டைதான். 2010இலிருந்து நம் நாட்டில் குழந்தைகளுக்கு இது நடக்கிறது. பெரியவர்களின் வைரல் லோடையும் இந்த உலர் ரத்தத் துளியில் பார்க்க முடியும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு பரிசோதனையைத் தகுதி பார்த்து ஏற்றது. ஆப்பிரிக்காவில் பல நாடுகள் ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்களிலிருந்து இப்படித்தான் ரத்தம் அனுப்புகின்றன.

டியூபில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும், வண்டி வேண்டும். அட்டையில் எடுத்தால் ஒரு நாற்காலியும் ஊசியும் நிழலும் போதும். நன்றாகக் காய்ந்த அட்டை சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு வாரம் தாங்கும். சாதாரணத் தபாலில் போகும். எழுமலையிலோ சேடபட்டியிலோ கொட்டாம்பட்டியிலோ உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தம் தபால்காரர் பையில் வந்து சேரும். பூ எடுக்கிறவள் வேலை முடித்துவிட்டு, பத்து மணிக்கு வந்து, பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பாள்.

இதில் குறை இல்லாமல் இல்லை. அட்டையில் விழும் ரத்தம் கொஞ்சம்தான், அதனால் மிகக் குறைந்த வைரஸ் அளவை அது பிடிக்காது. அப்புறம் முழு ரத்தம் என்பதால் அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் கூறுகளும் கணக்கில் சேர்ந்து, சில சமயம் எண்ணைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். அதனால் 1000 என்ற கோட்டுக்கு மேலா கீழா என்று பார்க்கத்தான் இதை வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்குக் கீழே என்றால் ஆளை வரச் சொல்ல வேண்டியதே இல்லை. மேலே என்றால் கூப்பிட்டு, பேசி, மருந்தை ஒழுங்காகப் போட வைத்து, மறுபடியும் டியூபில் எடுத்து உறுதி செய்யலாம். இப்போது கொடுக்கும் டோலுடெக்ராவிர் மாத்திரைக்கு வைரஸ் அவ்வளவு சுலபமாகப் பழகிக்கொள்ளாது. எண் ஏறினால் பெரும்பாலும் மாத்திரை விட்டுப்போனதுதான் காரணம், பேச்சில்தான் சரியாகும். அந்த ஒரு சிலருக்காக மட்டும் பயணம் இருக்கட்டும், மற்ற எல்லோரையும் விட்டுவிடுங்கள்.

‘ரத்தத்தை நம்பித் தூரத்துக்கு அனுப்புவதா?’ என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். நம் நாட்டில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா பெண்களிடம் எடுத்த ரத்தத்தின் சீரத்தைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். ஐஸ் பெட்டியில் போட்டு, கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். சென்னையில் அப்போது அந்தப் பரிசோதனை வசதி இல்லை. அந்தப் பெண்களை யாரும் வேலூருக்கு வரச் சொல்லவில்லை.

சரி, ஊருக்குப் பக்கத்தில் ரத்தம் எடுப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பேரையூர்க்காரர் ஏன் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கு வருகிறார்? பக்கத்தில் போனால் சின்னம்மா மகன் பார்ப்பான், டீக்கடைக்காரர் பார்ப்பார், செவிலியரே பக்கத்துத் தெருவாக இருப்பார். தூரம்தான் அவருக்குத் திரை. அதைக் கிழித்துவிட்டு ‘வசதி செய்து கொடுத்தோம்’ என்று நாம் சொன்னால் அவர் மருந்தையே விட்டுவிடுவார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறது. என் வீட்டுக்கும் வருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் தயவுசெய்து எச்.ஐ.வி.க்கு வாசலில் வந்து நிற்காதீர்கள். இது மனதார நான் கேட்டுக்கொள்வது. அதற்குப் பதிலாக, சர்க்கரைக்கு விரலில் குத்தும் அதே நாற்காலியில், அதே பெஞ்சில் காத்திருந்து, அதே ஆள் குத்தி எடுக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு அது சர்க்கரைப் பரிசோதனை. அட்டை மேல் பெயர் வேண்டாம், எண் மட்டும். தனி அறை, தனிக் கிழமை, தனி வரிசை எதுவும் வேண்டாம். தனிக் கிழமை வைத்தால் அந்தக் கிழமைக்கே ஊரில் பெயர் வைத்துவிடுவார்கள். எங்கே கொடுப்பது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். திருமங்கலத்துக்காரர் மேலூரில் கொடுக்க விரும்பினால் கேள்வி கேட்காமல் எடுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ரகசியம் காப்பதைக் கடமையாகவே சொல்கிறது. சட்டத்தில் இருப்பது நாற்காலி வரைக்கும் வர வேண்டும்.

தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு இன்னொரு வழி உண்டு. சளியில் டி.பி. பார்க்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரம் இருக்கும் இடத்தில், அதே இயந்திரத்தில் வேறு கார்ட்ரிட்ஜ் போட்டால் ஒன்றரை மணி நேரத்தில் வைரல் லோடு வந்துவிடும். சுழற்றிப் பிளாஸ்மா பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் அந்த லேப்பில் இருக்கத்தான் செய்யும். டி.பி. பிரிவு வேறு, எய்ட்ஸ் பிரிவு வேறு, பதிவேடு வேறு, கார்ட்ரிட்ஜ் கணக்கு வேறு என்பது காகிதத்தில் உள்ள சுவர். கர்ப்பிணிகளுக்கும், மருந்து பிடிக்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் அன்றைக்கே பதில் தெரிவது பெரிய காரியம். பிரசவத் தேதி தபாலுக்காகக் காத்திருக்காது.

சி.டி.4ஐயும் ஒதுக்கிவிடாதீர்கள். மருந்து ஒழுங்காகப் போட்டு, எண் 350ஐத் தாண்டி, வைரஸும் அடங்கி இருப்பவருக்கு ஆறு மாதத்துக்கொரு முறை அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் புதிதாக வருகிறவருக்கும், மருந்தை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவருக்கும் அன்றைக்கே பார்க்க வேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், நாற்பது வயதுக்குள், தலைவலி என்று ஒரு மையத்துக்கு வந்தார். எச்.ஐ.வி. உறுதியானது. சி.டி.4க்கு ரத்தம் எடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ரிப்போர்ட்டை அச்செடுத்தவள் நான். 38 என்று இருந்தது. வாங்க ஆள் வரவில்லை. மூளை உறையில் காளான் கிருமி. ரிப்போர்ட் அந்தத் தட்டிலேயே நான்கு மாதம் கிடந்தது.

200க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும் சி.டி.4 பரிசோதனைப் பட்டை ஒன்று வந்திருக்கிறது. இயந்திரம் கிடையாது, கரண்ட் வேண்டாம், நாற்பது நிமிடத்தில் கோடு தெரியும். 200க்குக் கீழே என்றால் அதே ரத்தத்தில், கொத்தனாருக்கு வந்த மாதிரிக் காளான் கிருமியான கிரிப்டோகாக்கஸைப் பார்க்கும் பட்டை. அது பத்து நிமிடம். தலைவலி ஆரம்பிப்பதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே அந்தக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும். தலைவலி வருவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் ஃப்ளூகோனசோல் மாத்திரையிலேயே பெரும்பாலும் தடுத்துவிடலாம். டி.பி.க்குச் சிறுநீரில் பார்க்கும் பட்டையும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும். கொத்தனார் வந்த அன்று அந்த மேசையில் இந்த டப்பா இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2001இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம், வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்னது. அதுவரை ஏழை நாடுகளுக்கு இந்த மருந்து கட்டுப்படியாகாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். வைரல் லோடு பரிசோதனையும் அப்படித்தான். 2014இல் பெரிய கம்பெனி ஒன்று ஏழை நாடுகளுக்கு ஒரு பரிசோதனை 9.40 டாலர் என்று இறங்கி வந்தது. மொத்தமாக வாங்குகிறவர் பேரம் பேசினால் விலை இறங்கும் என்பது கீழமாசி வீதிக் கடைக்காரருக்குத் தெரிந்த விஷயம். திருப்பி அனுப்பிய டியூப் ஒவ்வொன்றும் காசுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஊசி, டியூப், வண்டி, ஆள் நேரம் எல்லாம் குப்பையில்.

ரிசல்ட் திரும்பிப் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் தபாலில் வந்து, பதில் மட்டும் மேசையில் தூங்கினால் ஒரு பிரயோசனமும் இல்லை. ‘உங்கள் புத்தகத்தில் பதிந்தாகிவிட்டது, அடுத்த தேதிக்கு வந்தால் போதும்’ அல்லது ‘இந்த வாரம் வாருங்கள்’ என்று நோயின் பெயர் இல்லாமல் ஒரு குறுஞ்செய்தி போதும். போன் வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பூ எடுக்கிறவளின் போன் அவள் மகன் கையில்தான் இருந்தது.

உசிலம்பட்டி வட்டாரத்தில் ஏதாவது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை ஆரம்பித்துப் பாருங்கள். பயிற்சிக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். விரலை முதலில் வெதுவெதுப்பாகத் தேய்க்க வேண்டும், குத்தி வரும் முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். விரலை அட்டையில் வைத்து அழுத்தக் கூடாது, சொட்டு தானாக விழுந்து வட்டம் நிறைய வேண்டும். வட்டத்துக்குள் கை படக் கூடாது. வெயிலில் காயவைக்கவே கூடாது. நம் சித்திரை வெயில் சீக்கிரம் காயவைத்துவிடும் என்று தோன்றும், ஆனால் அது வைரஸ் கூறுகளைக் கெடுத்துவிடும். நிழலில், படுக்கை வாக்கில், குறைந்தது நான்கு மணி நேரம். ஐப்பசி கார்த்திகை மழையில் ராத்திரி முழுக்க. அப்புறம் அட்டைகளுக்கு நடுவே மெழுகுத்தாள், ஜிப் கவர், ஈரம் உறிஞ்சும் பொட்டலம். கவருக்குள் வைக்கும் ஈரங்காட்டி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் பொட்டலத்தை மாற்ற வேண்டும். அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். தேதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள், காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன்,
உசிலம்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்